பத்துக் கோடி தந்தால் வலியைத் தாங்குவீர்களா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 52. ஈரோடு பக்கம் இருக்கிறோம். போன மாதம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து 'ஸ்க்விட் கேம்' கொரியத் தொடரைப் பார்த்தோம். கடனில் மூழ்கிய 456 பேர் பரிசுப் பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்து விளையாடும் கதை. பார்த்து முடித்ததும் வீட்டில் பெரிய வாக்குவாதம். என் அண்ணன் மகனுக்கு வயது 24. பி.காம். முடித்துவிட்டு ஒரு தறிப்பட்டறையில் கணக்கு எழுதுகிறான். "பத்துக் கோடி குடுத்தாங்கன்னா ஒரு வருசம் தெனமும் அடி வாங்கிக்குவேன் அத்தை" என்றான். "ஒரு நாள் தாங்க மாட்டே" என்றார் என் கணவர். என் மாமியாரோ உடம்பைக் கெடுத்து வரும் காசு வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்றார்கள். மனிதர்கள் பெரும் பணத்துக்காக வலியையும் பயத்தையும் உண்மையாகவே தாங்குவார்களா?

இதை நான் பேச்சுக்காகக் கேட்கவில்லை. இரண்டு வாரமாக அவன் யாரோ ஒரு ஏஜென்டோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறான். மருந்து கம்பெனியின் சோதனைக்கு உடம்பைக் கொடுத்தால் கையில் பணம் தருவார்களாம். "ஊசிதானே அத்தை, நாலு நாள் படுத்திருந்தாப் போதும்" என்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்ல?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தாங்குவார்கள் அம்மா. தாங்கிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் பத்துக் கோடிக்காக வலியைத் தாங்கியவர்களைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். இருபதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் தாங்கியவர்களை எண்ணி மாளாது. உங்கள் பையனைப் பற்றிய கவலைக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணவருக்கும் பையனுக்கும் நடந்த வழக்கு. ஒரு வருடம் தாங்குவேன் என்று சோபாவில் உட்கார்ந்து சொல்பவன் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவன் உடம்பில் வலி இல்லை. வலி இல்லாத உடம்பால் வலியை நினைத்துப் பார்க்க முடியாது. 1999-ல் டேனியல் ரீட், ஜார்ஜ் லோவென்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐஸ் தண்ணீரில் கையை வைத்திருக்க வேண்டும். இத்தனை நிமிடத்துக்கு எவ்வளவு பணம் கொடுத்தால் சம்மதிப்பீர்கள் என்று கேட்டார்கள். சிலரை, கேள்வி கேட்பதற்குச் சற்று முன்பு அதே தண்ணீரில் கொஞ்ச நேரம் கையை வைத்து எடுக்கச் சொன்னார்கள். வேறு சிலருக்கு அந்த அனுபவத்தை ஒரு வாரம் முன்பே கொடுத்திருந்தார்கள். அப்போதுதான் கையை எடுத்தவர்கள் கூடுதலாகப் பணம் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்கப்பட்டவர்கள் அந்த அளவு கேட்கவில்லை. பட்ட வலியே ஏழு நாளில் இப்படித் தேய்ந்துபோகிறது என்றால், படாத வலிக்கு ஒருவன் போடும் கணக்கை எப்படி நம்புவது?

பையனுக்கு இதய நோயோ ரத்த ஓட்டக் கோளாறோ இல்லையென்றால் வீட்டிலேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாளியில் பாதி தண்ணீர், பாதி ஐஸ் கட்டி. மணிக்கட்டு முழுகும்வரை கையை விட வேண்டும். முதல் பத்து விநாடி வெறும் குளிர்தான், சிரித்துக்கொண்டே இருப்பான். அரை நிமிடத்தில் விரல் எலும்புக்குள் கனமான ஒரு வலி பிடிக்கும். அதற்குப் பிறகு கை விண்விண்ணென்று தெறிக்கும். மூச்சைப் பிடித்துக்கொள்வான், பேச்சு நின்றுவிடும், கண் கடிகாரத்தையே பார்க்கும். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் கையை வெளியே எடுத்துவிடுவார்கள். எடுத்தால் போதும், காயமில்லை, தழும்பில்லை. இவ்வளவு பாதுகாப்பான வலியே இப்படி. இரண்டு நிமிடம் முடிந்ததும் அவனிடம் அந்தப் பத்துக் கோடிக் கணக்கை மறுபடி கேளுங்கள். கட்டாயம் மூன்று நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

வலியை நாம் நினைவில் வைத்துக்கொள்ளும் விதமும் கோணலானது. டேனியல் கானெமனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். 14 டிகிரி தண்ணீரில் 60 விநாடி கையை வைப்பது ஒரு முறை. இன்னொரு முறை அதே 60 விநாடி, அதோடு நிறுத்தாமல் மேலும் 30 விநாடி. அந்த 30 விநாடியில் தண்ணீரை மெல்ல 15 டிகிரிக்குச் சூடேற்றினார்கள். மூன்றாவது முறையும் செய்ய வேண்டும், எது வேண்டும் என்று கேட்டபோது 32 பேரில் 22 பேர் 90 விநாடியைத்தான் கேட்டார்கள். கூட்டிப் பார்த்தால் வலி அதிகம். ஆனால் முடியும்போது கொஞ்சம் இதமாக முடிந்தது. மனதில் தங்கியது அதுதான். எத்தனை நேரம் பட்டோம் என்பதை மூளை ஏறக்குறைய விட்டுவிடுகிறது, உச்சத்தையும் முடிவையும் மட்டும் எடுத்துவைத்துக்கொள்கிறது.

இதனால்தான் பணத்துக்காகக் கஷ்டப்பட்டு, பணமும் கைக்கு வந்தவர் "அப்படியொன்றும் பெரிய வலி இல்லை" என்று ஊரில் சொல்வார். அவர் சொல்வதைக் கேட்டுத்தான் அடுத்தவர் போகிறார். ஏஜென்டுகள் பழைய ஆளை ஒருவரைக் கூட்டிவந்து பேச வைப்பதும் இதை அறிந்துதான்.

சரி, வலிக்கு எவ்வளவு பணம் என்று ஒருவர் எப்படி முடிவு செய்கிறார்? ஒவ்வொருவருக்கும் மனதில் ஒரு விலை இருக்கும் என்றுதான் நினைப்போம். அப்படி எதுவும் இல்லை என்று காட்டியது 2003-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. காதைக் குடையும் ஒரு சத்தத்தை ஹெட்போனில் 30 விநாடி கேட்க வேண்டும். சிலரிடம், "10 சென்ட் கொடுத்தால் இதை மறுபடி கேட்பீர்களா?" என்று முதலில் கேட்டார்கள். மற்றவர்களிடம் 50 சென்ட் என்றார்கள். பிறகு, நீங்களே விலை சொல்லுங்கள் என்றார்கள். 10 சென்ட் காதில் விழுந்தவர்கள் குறைவாகக் கேட்டார்கள், 50 சென்ட் காதில் விழுந்தவர்கள் கூடுதலாகக் கேட்டார்கள். சத்தம் ஒன்றுதான். முதலில் யார் என்ன எண்ணைச் சொன்னார் என்பதுதான் அவர்களுடைய துன்பத்தின் விலையைத் தீர்மானித்தது. நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் ஆய்வு இது. தன் வலிக்கு என்ன விலை என்று தனக்கே தெரியாத ஒருவர் ஏஜென்டின் முன்னால் உட்காரும்போது, முதல் எண்ணைச் சொல்வது எப்போதும் ஏஜென்ட்தான்.

பயத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வலியையும் பயத்தையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் பணத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதைப் புரிந்துகொள்ள ஆய்வகத்தைவிட மன்னார் வளைகுடா நல்ல இடம்.

முத்துக்குளித்தல் பெரும் பணம் புரண்ட தொழில். 1905-ல் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். காலனி அரசுக்கு 25 லட்சம் ரூபாய் வருமானம் வந்தது, அன்றைய 25 லட்சம். தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்கள், கீழக்கரை முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள், அரபுக் கரையிலிருந்து வந்தவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் குளித்தார்கள். குளியாளின் வேலை எப்படியென்றால், ஒரு கயிற்றில் 15 கிலோ சொச்சம் எடையுள்ள கல். கல்லுக்கு மேலே கயிற்றில் ஒரு வளையம். அதில் ஒரு கால். இன்னொரு கயிற்றில் வலைக்கூடை. படகில் கயிறு பிடிப்பவர் ஒருவர். குளியாள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சைகை காட்டினால் கல் அவரை அப்படியே அடித்தளத்துக்கு இழுத்துப் போகும். எட்டுப் பத்து ஆள் ஆழம். போன வேகத்தில் காதைத் தண்ணீர் அழுத்தும். காதிலும் மூக்கிலும் ரத்தம் வடிவதைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கீழே ஒரு நிமிடம். கைக்கு அகப்பட்ட சிப்பியையெல்லாம் கூடையில் வாரிப்போட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடி. ஒரு நாளைக்கு இப்படிப் பல முறை. கரைக்கு வந்ததும் எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போய்விடும். மீதி ஒரு பங்கில் கயிறு பிடித்தவருக்கும் படகுக்கும் பிரித்தது போகத்தான் குளித்தவருக்கு. அந்தச் சிப்பியைத் திறந்தால் முத்தும் இருக்கலாம், வெறும் சதையும் இருக்கலாம்.

இந்த வலியையெல்லாம் அவர்கள் பணத்துக்காகத் தாங்கினார்கள். ஆனால் சுறாப் பயம் என்று வந்துவிட்டால் பணம் வேலை செய்யவில்லை. எவ்வளவு ஆசை காட்டினாலும், 'கடல்கட்டி' வராமல் ஒருவரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். கடல்கட்டி என்பவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுபவர். மந்திரத்தில் துளியும் நம்பிக்கையில்லாத வெள்ளைக்கார அதிகாரிகள், அரசுச் செலவில் அவரை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர் இல்லாவிட்டால் குளிப்பு நடக்காது, வருமானம் வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

லண்டனில் செய்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்குக் கடல்கட்டிதான் நினைவுக்கு வந்தார். கம்ப்யூட்டர் திரையில் பாறைகள் வரும். எதன் அடியில் பாம்பு இருக்கிறது என்று யூகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் ஷாக். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது வந்த பதற்றத்தைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோது வந்த பதற்றம் அதிகமாக இருந்தது. வியர்வையும் கண்மணி விரிவும் அதையே காட்டின. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 2006-ல் செய்த ஆய்வில், காலில் ஷாக் வரும் என்று காத்திருக்கப் பொறுக்காமல், கூடுதல் ஷாக்கை இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டவர்களும் உண்டு. வருமா வராதா என்ற தவிப்புதான் மனிதரை முறிக்கிறது. கடல்கட்டி அந்தத் தவிப்பை எடுத்துவிட்டார். இன்றைய ஏஜென்டும் அதையே செய்கிறார்: "ஒண்ணும் ஆகாது தம்பி, நான் பாத்துக்கறேன்." வித்தியாசம் என்னவென்றால், கடல்கட்டி குளிப்பு முடியும்வரை கடலோரத்திலேயே இருந்தார்.

பையன் சொன்ன மாதிரியே, பெரிய தொகைக்குப் பந்தயம் கட்டி உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். 2018 நவம்பரில் ரிச் அலாட்டி என்ற அமெரிக்கச் சீட்டாட்டக்காரர், சக ஆட்டக்காரர் ரோரி யங்கோடு ஒரு பந்தயம் கட்டினார். துளி வெளிச்சம் இல்லாத ஒரு குளியலறையில், போன் இல்லாமல், பேச்சுத் துணை இல்லாமல் 30 நாள் இருக்க வேண்டும். இருந்தால் 1 லட்சம் டாலர். இல்லாவிட்டால் அவர் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும். சாப்பாடு வரும், படுக்கை உண்டு, அடி உதை கிடையாது. மூன்றே நாளில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன என்று பிறகு சொன்னார். 20-வது நாள் இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள். 62,400 டாலரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் தாங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன், திடமான மனிதர். ஆனால் கவனியுங்கள்: அவருக்குக் கடன் நெருக்கடி இல்லை, வேண்டுமென்றால் கதவைத் திறந்து வெளியே வந்துவிடலாம், பேரம் பேசும் நிலையிலும் இருந்தார். ஒரு மனநல மருத்துவனாக நான் இந்தக் கடைசி இரண்டையும்தான் முக்கியமாகப் பார்ப்பேன். நிறுத்தும் உரிமை கையில் இருக்கும் வலியை உடம்பு ஒரு மாதிரி எடுத்துக்கொள்கிறது. அடுத்தவர் கையில் இருக்கும் வலி ஆளையே மாற்றிவிடுகிறது. தினமும் அடி வாங்கிய ஒரு வருடம் முடிந்து பத்துக் கோடியை வாங்க வருகிறவன், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவன் இல்லை. தூக்கமில்லாதவன், கதவு தட்டினால் நடுங்குபவன். சித்திரவதைக்கு ஆளானவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் இது இருக்கிறது. பணம் கிடைப்பது இவனுக்குத்தான்.

உண்மையான பெருஞ்செல்வத்துக்காக ஒரு பெருங்கூட்டமே கிளம்பிய கதையும் ஒன்று உண்டு. கனடாவின் வடமேற்கு மூலையில் க்ளோண்டைக் என்ற இடத்தில் 1896 ஆகஸ்டில் தங்கம் கிடைத்தது. மறுவருடம் தங்கத்தோடு கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் வந்து சேர்ந்ததும் ஊரே கிளம்பியது. சுமார் 1 லட்சம் பேர் புறப்பட்டார்கள். ஒரு வருடத்துக்கான சாப்பாட்டைக் கொண்டுவராதவர்களைக் கனடா போலீஸ் எல்லைக்குள் விடவில்லை. சாமான்களோடு சேர்த்தால் ஆளுக்கு ஒரு டன் வந்துவிடும். சில்கூட் கணவாயில் பனியில் வெட்டிய சுமார் 1,500 படிகள். முதுகில் கொள்ளும் மட்டும் ஏற்றிக்கொண்டு மேலே ஏறி, இறக்கி வைத்துவிட்டு, சறுக்கிக் கீழே வந்து, மறுபடி ஏற வேண்டும். ஒரு டன்னையும் மேலே சேர்க்க இப்படி முப்பது நாற்பது தடவை. 1898 ஏப்ரல் 3-ல் பனிச்சரிவில் 60 பேருக்கு மேல் புதைந்து செத்தார்கள். சரிவை வெட்டிப் பாதை போட்டுவிட்டு மீதிப் பேர் ஏறினார்கள்.

டாசன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் முப்பதாயிரம் நாற்பதாயிரம் பேர் இருக்கலாம். அவர்கள் வந்தபோது நல்ல இடங்களையெல்லாம் முன்பே அங்கிருந்தவர்கள் வளைத்துப்போட்டிருந்தார்கள். தங்கத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் சில ஆயிரம், பணக்காரர் ஆனவர்கள் சில நூறு. எனக்கு வியப்பாக இருப்பது வேறு விஷயம். இவ்வளவு பாடுபட்டு வந்தவர்களில் எத்தனையோ பேர் ஒரு மண்வெட்டு மண்கூடத் தோண்டிப் பார்க்கவில்லை. டாசன் தெருக்களில் கொஞ்ச நாள் சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். பாடுபடுவதே அவர்களுடைய குறிக்கோளாகிவிட்டது. அது முடிந்ததும் தங்கத்தின் மேல் இருந்த ஆசையும் வடிந்துவிட்டது. அந்த வழியில் நிச்சயமாகச் சம்பாதித்தது சாப்பாட்டுக் கடை, தங்கும் விடுதி, சாமான் கடை வைத்தவர்கள். இன்றைய அமெரிக்க அதிபர் ட்ரம்பின் தாத்தா ஃப்ரெட்ரிக் ட்ரம்ப் அவர்களில் ஒருவர். கணவாய்க்கு அந்தப் பக்கம் உணவு விடுதி நடத்திக் காசு பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்.

இனி உங்கள் பையன் விஷயம். பெரும் பணம் என்ற பேச்சு இங்கே முடிந்துவிடுகிறது, ஏனென்றால் நம் ஊரில் வலியை யாரும் கோடிக்கு வாங்குவதில்லை. சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று ஒரு காலத்தில் பெயர் வந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைத் தேடிப் பிடித்து 2001-ல் விசாரித்தார்கள். மறுவருடம் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் அது வெளியானது. 96 சதவீதம் பேர் கடன் அடைக்க விற்றவர்கள். கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர், அன்றைய மதிப்பில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கம். விற்றுச் சராசரியாக ஆறு ஆண்டு ஆன பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பளு தூக்கிப் பிழைக்கும் உடம்பில் விலாப் பக்கம் ஒரு வெட்டு விழுந்தால் வேறு எப்படி ஆகும்? முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனாளிகள். 86 சதவீதம் பேர் உடம்பு முன்போல் இல்லை என்றார்கள். வேறு யாராவது இப்படி விற்க நினைத்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றே சொல்வோம் என்றவர்கள் 79 சதவீதம். இத்தனைக்கும் விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. 2025-ல் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், பள்ளிபாளையத்தில், விசைத்தறித் தொழிலாளர்களிடம் இதே வியாபாரம் நடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அங்கேயும் ஏஜென்டுகள் பிடித்தது கடனில் சிக்கியவர்களைத்தான்.

மருந்து சோதனை வேறு விஷயம், அதை நான் கெட்டது என்று சொல்ல மாட்டேன். நாம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் யாரோ முன்வந்து தன் உடம்பில் ஏற்றுக்கொண்டதால் வந்தது. ஆனால் "ஊசிதானே" என்று அலட்சியமாகச் சொல்ல முடியாது. 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டி.ஜி.என். 1412 என்ற புதிய மருந்தை முதல்முறையாக மனித உடம்பில் ஏற்றினார்கள். திடகாத்திரமான இளைஞர்கள், ஆளுக்குச் சுமார் 2,000 பவுண்டு. ஊசி போட்டவர்களில் ஆறு பேருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, குளிர் என்று ஆரம்பித்து உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஒருவரும் சாகவில்லை, ஆனால் ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார். இப்படி நடப்பது அபூர்வம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு விதிகளும் இறுகின.

நம் நாட்டில் 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் இருக்கின்றன. சோதனைக்கு ஒரு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். சோதனையின் பெயரும் பதிவு எண்ணும் மத்திய அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இணையத்தில் எவரும் பார்க்கலாம். சம்மதப் படிவத்தை அவனுக்குப் புரியும் மொழியில், தமிழில், படித்துக் காட்ட வேண்டும். அதன் ஒரு பிரதி அவன் கையில் இருக்க வேண்டும். எந்த நிமிடமும் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். சோதனையால் உடம்புக்கு ஏதாவது வந்தால் சிகிச்சை அவர்கள் செலவு, நஷ்டஈடும் உண்டு. இன்னொன்றையும் அந்தக் குழு பார்க்கும்: ஆபத்தை மறக்கடிக்கும் அளவுக்குப் பெரிய தொகையைக் காட்டி ஆளை இழுக்கிறார்களா என்று. பெரிய தொகையை அவர்களே அனுமதிக்க மாட்டார்கள். ஆகவே ஏஜென்ட் பெரிய தொகை சொல்கிறான் என்றால், அது ஒழுங்கான சோதனையாக இருக்க வாய்ப்பில்லை.

பதிவு எண் என்ன என்று ஏஜென்டிடம் கேட்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அதோடு விட்டுவிடலாம். பதிவுக் கட்டணம், டெஸ்ட் கட்டணம் என்று முன்பணம் கேட்டால் மோசடி. ஏற்கெனவே வேறு சோதனையில் கலந்துகொண்டிருந்தால் மூன்று மாதம் போகாமல் அடுத்ததில் சேரக் கூடாது; அதை மறைக்கச் சொல்லும் ஏஜென்ட் அவன் உயிரோடு விளையாடுகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ரத்த வகை என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டாலோ, முன்பின் தெரியாத யாருக்கோ சொந்தக்காரன் என்று கையெழுத்துப் போடச் சொன்னாலோ, அது மருந்து சோதனை இல்லை, சிறுநீரக வியாபாரம். அதில் காசு கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சத்திலிருந்து 1 கோடி வரை அபராதம். உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவும் ஏஜென்டைப் பற்றி. பையனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. 24 வயதில் மாதச் சம்பளம் வாங்குகிற பையன் உடம்பை விற்கிற பேச்சைச் சும்மா பேச மாட்டான். ஆன்லைன் கடன் ஆப்பா, ரம்மியா, நண்பனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தா, தெரியவில்லை. என்னிடம் வரும் இளைஞர்கள் பலர் முதல் இரண்டு சந்திப்பில் தூக்கம் வரவில்லை என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது சந்திப்பில்தான் தொகை வெளியே வரும். பெரும்பாலும் குடும்பம் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு வருடம் இரண்டு வருடத்தில் அடைத்துவிடக்கூடிய தொகையாகவே இருக்கும். அதை வீட்டில் சொல்லும் பயத்துக்கு, ஊசியும் கத்தியும் மேல் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

அவன் அப்பாவிடம் சொல்லாததை அத்தையிடம் சொல்வான். அடியைப் பற்றியும் பத்துக் கோடியைப் பற்றியும் அவன் உங்களிடம்தானே பேசினான். அவன் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, ஏஜென்ட் பேச்சை எடுக்காமல், "உனக்கு எவ்வளவு கடன் சாமி இருக்குது?" என்று மட்டும் கேளுங்கள். தொகையைச் சொன்னதும் திட்டாதீர்கள், உங்கள் கணவரையும் திட்ட விடாதீர்கள். கடனை நினைத்துத் தூக்கம் போய்விட்டது, செத்துவிடலாம் போல இருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள். இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.